சலிப்புச்சாமியின் பத்துப் பொன்மொழிகள்

கதை சொல்லி ஆடும் விளையாட்டில் பூசாரியாக வருகிறவர்களைக் கண்டாலே நர்ஸுக்கு ஆகாது. திருடனாக வரட்டும், மந்திரவாதியாக வரட்டும், கோடாலியைத் தூக்கிக்கொண்டு எதிரில் நிற்பதையெல்லாம் பிளக்கிற முரடனாகவே வரட்டும், அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பாள். பூசாரியாக வருகிறவர்களில் அவள் பார்த்தது இரண்டே ரகம். தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நாலு பேர் சொல்லிக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு ரகம். தாமதமாக வந்து, மற்றதையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டபின் மிச்சத்தை வாங்கிக்கொள்கிற அப்பாவிகள் இன்னொரு ரகம். முதல் ரகத்தின் மேல் அவளுக்கு எரிச்சல். இரண்டாம் ரகத்தில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள்.

எரிச்சலுக்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. மருத்துவமனையில் கட்டுப்போடும் அறையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் அவள். சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்தான் பெரும்பாலும். ஒரு கட்டைவிரல் அகலப் புண் மூட ஆறு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம். புண் அடியிலிருந்து தூர்ந்து மேலே வர வேண்டும். மேல்தோல் மட்டும் அவசரப்பட்டு மூடிக்கொண்டால் உள்ளே சீழ் கட்டும், திரும்பவும் கீறித் திறக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஒருத்தியின் முன்னால் உட்கார்ந்து, விளையாட்டுப் பூசாரி அடிபட்டவன்மேல் கையை வைத்து நாலு வார்த்தை முணுமுணுத்து, "எட்டுப் புள்ளி ஏறிடுச்சு, எந்திரி" என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்.

விளையாட்டு நடப்பது பேக்கரிக்கு மேலே இருக்கும் மாடியறையில், ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு கால் குட்டையான பெரிய மேஜை, ஐந்து நாற்காலி, மூலையில் அடுக்கிய மாவு மூட்டை. நடத்துகிறவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். என்ன செய்வது என்பதை அவரவர் வாய் சொல்லும், பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். உடலில் எத்தனை புள்ளி உயிர் மிச்சம், இடுப்பில் என்ன கத்தி, பையில் எத்தனை முழம் கயிறு, எல்லாம் அந்தத் தாளில்.

நடத்துகிறவர் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், அவளுடைய கொழுந்தன். கீழ்க்கடைக்குச் சொந்தக்காரரான பேக்கரிக்காரர் ஆடுவது கோடாலி என்ற முரடன். நர்ஸ் ஆடுவது சுண்டெலி என்ற திருடி. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் ஞாயிறன்று, எங்கோ பத்தாவது மாடியில் மாட்டிக்கொண்ட யாரையோ வெளியே எடுத்துவிட்டு, கை முழுக்க கிரீஸோடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மிச்சமிருந்தது பூசாரி. "யாராவது ஒருத்தர் அதுக்கும் இருக்கணும்ல" என்று தாளை வாங்கிக்கொண்டார். அதோடு பதினொரு வருடம்.

அவருடைய பூசாரி தன் சாமியிடம் பேசியதெல்லாம் புகார்தான். முழங்கால் வலி, மழை, கோடாலியின் குறட்டை, போன வாரம் கேட்டதற்கே இன்னும் பதில் வரவில்லை என்பது. அதனால்தான் அவருக்குச் சலிப்புச்சாமி என்று பெயர் விழுந்தது. காயத்தில் கை வைக்கும்போதுகூட ஏதோ பழுதான மோட்டாரைத் தட்டுகிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி, "ஓடுதா பாரு" என்பார். ஒருமுறை மந்திரம் பலிக்காமல் போய், திரும்பத் திரும்ப வேண்டச்சொல்லிப் பேக்கரிக்காரர் கெஞ்சியபோது, அவர் சொன்னதை நர்ஸ் வீட்டிலும் பலமுறை கேட்டிருக்கிறாள். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்து அவர் வழக்கமாகச் சொல்வதுதான் அது: பொத்தானை ஒருதரம் அமுக்கினால் போதும், பத்துத்தரம் அமுக்கினால் அது சீக்கிரம் வந்துவிடாது.

அந்த மேஜைக்கென்று ஒரு சட்டம் இருந்தது, அது எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. யாராவது வராவிட்டால், அவருடைய வலப்பக்கத்து நாற்காலிக்காரர் அன்றைக்கு அந்தப் பாத்திரத்தையும் சேர்த்து ஆட வேண்டும். லிஃப்ட்காரரின் வலப்பக்கம் நர்ஸ். ஞாயிறு என்று பார்த்தா லிஃப்ட் பழுதாகிறது? மாதத்துக்கு ஒருமுறையாவது போன் வந்து அவர் ஓடுவார், அவள் தலையில் பூசாரி வந்து விழும். முதலில் வேண்டா வெறுப்பாகத்தான் ஆடினாள்; சலிப்புச்சாமிக்கு வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி மரத்தடியில் படுக்கவைத்தாள், மூட்டை தூக்கவிட்டாள். பிறகு பிறகு, அவர் வாய் அவளுக்குப் பழகிவிட்டது. அவர் இல்லாத ஞாயிறுகளில் சலிப்புச்சாமி இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சலித்துக்கொள்கிறார் என்று பேக்கரிக்காரர் சொல்வார்.

அவளுக்கு உண்மையான குறை ஒன்று இருந்தது. சண்டை முடிந்து எல்லோரும் அடிபட்டுக் கிடக்கும்போது சலிப்புச்சாமி முதலில் போவது கோடாலியிடம்தான். சுண்டெலி எப்போதும் கடைசி. வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் பிடித்துக்கொள்வாள், கட்டின பொண்டாட்டி கடைசியா என்று. "அவன் தாங்கமாட்டான். நீ தாங்குவே" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்வார். புகழ்ச்சியா ஏய்ப்பா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவருக்குக் கணையத்தில் கட்டி. கண்டுபிடித்ததிலிருந்து ஒன்பது வாரம். கடைசி வாரம், வார்டு நர்ஸ் ஒருத்தி, வீட்டில் வேறு யாரையாவது துணைக்குக் கூப்பிடட்டுமா என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள். "வேண்டாம், அவ தாங்குவா" என்றார் அவர். இவள் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போய் நாலு மாதம் கழித்துக் கொழுந்தன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வாங்க அண்ணி, அண்ணனுக்காக ஒன்று செய்து வைத்திருக்கிறேன் என்றான். அவள் போனாள்.

கணவரின் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அலுவலகங்களுக்குப் போய் ஊழியர்களுக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்கிற பயிற்சியாளர். வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது, தோல்வியை எப்படித் தழுவிக்கொள்வது என்றெல்லாம். வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்க வந்த இடத்தில் பழக்கமாம். இரண்டு உள்ளங்கையையும் விரித்தபடியே பேசினார், எதையோ தூக்கிப் பிடித்திருக்கிறவர் மாதிரி. அவளை "மேடம்" என்றார். அவளுடைய வலி அவருக்குப் புரிகிறது என்றார். நர்ஸ் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைச் சொன்னார். சலிப்புச்சாமி சாகவில்லை. ஒரு மலையுச்சியில், ஒளி இறங்கி, அவரை அப்படியே மேலே எடுத்துக்கொண்டது. இப்போது அவரும் ஒரு சாமி. புதிதாக வந்திருப்பவர் அந்தச் சாமிக்குப் பூசாரி. பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாழ்நாள் முழுக்க ஆட்களை லிஃப்டிலிருந்து கீழே இறக்கிவிட்டவரை மேலே ஏற்றிவிட்டார்களே என்று நர்ஸ் நினைத்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தன் முகம் அப்படி இருந்தது.

பயிற்சியாளர் பையிலிருந்து நாலு அட்டைகளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். லேமினேட் செய்த அட்டை. மேலே ஒரு தங்க நிறச் சூரியன், கீழே 'சலிப்புச்சாமியின் பத்துப் பொன்மொழிகள்'. ஒவ்வொரு காயமும் ஒரு கதவு என்பது முதலாவது. புன்னகைப்பவனே பாதி குணமடைந்தவன் என்பது நாலாவது. ஒன்பதாவதில் வானவில் வந்தது. இந்தப் பயிற்சியாளர் சாமியைப் பார்த்ததில்லை, சாமியோடு ஒரு ரொட்டித் துண்டைப் பகிர்ந்துகொண்டதில்லை. அதனாலென்ன, மகான்களுக்கு வாய்க்கிற சீடர்கள் அநேகமாக அப்படித்தானே. பூசாரிகளில் மூன்றாவது ரகம் ஒன்று இருப்பதை நர்ஸ் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். செத்தவன் திரும்பி வந்து 'நான் அப்படிச் சொல்லலையே' என்று கேட்கமாட்டான் என்ற தைரியத்தில் பிழைக்கிற ரகம்.

அந்த ஞாயிறைப் பொறுத்துக்கொண்டாள். அடுத்ததையும். பயிற்சியாளர் ஒவ்வொரு கதவைத் திறக்குமுன்னும் பொன்மொழி சொன்னார். குகைக்குள் போகுமுன் எல்லோரும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட வேண்டும் என்றார். செத்துப்போன ஒரு பூதத்துக்குக்கூட ஆறுதல் சொன்னார். கேலி செய்வதற்கு நிறைய இருந்தது. நர்ஸ் அதையெல்லாம் மனதிற்குள் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தாள், ஒரு மாதிரி பொழுதும் போயிற்று.

இரண்டாவது ஞாயிறு கிளம்பும்போதுதான் அது நடந்தது. படியிறங்கும்போது பேக்கரிக்காரர், அடுப்பில் சுட்டுக்கொண்ட கையைத் தூக்கிக் காட்டினார். அவள் விரலைத் திருப்பிப் பார்த்து, கொப்புளத்தை உடைக்காமல் விடச் சொன்னாள்.

"மாமா சொல்வாரேக்கா, ஒவ்வொரு காயமும் ஒரு கதவுன்னு" என்றார் பேக்கரிக்காரர், மனம் நெகிழ்ந்து.

பதினொரு வருடம் எதிரில் உட்கார்ந்து, அவருடைய சலிப்பையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த மனிதர். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருக்கிறது என்று நம்பிச் சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் கணவரின் குரலை நினைத்துப் பார்த்தாள். பொத்தான் வாக்கியம் வந்தது, குரலோடு வந்தது. ஓடுதா பாரு வந்தது. அப்புறம், கூப்பிடாமலே, அந்த வானவில் வந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் சலிப்புச்சாமியின் இடத்தில் லேமினேட் செய்த ஒரு புன்னகைதான் மிஞ்சும், தனக்கும் சேர்த்து, என்று அவளுக்குப் புரிந்தது. மேல்தோல் மூடிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது ஞாயிறு, நதிக்கரையில் கொள்ளையர்கள் வளைத்துக்கொண்டார்கள். கோடாலி ஒரு கீறலோடு தப்பித்தான். சுண்டெலி முதுகில் ஈட்டி வாங்கி விழுந்தாள். தாளில் உயிர்ப் புள்ளி பூஜ்யம். பூஜ்யத்தில் கிடக்கிறவர்களுக்கு இரண்டே வழி. பூசாரி வேண்டி, சாமி மனம் வைத்து, எழுப்ப வேண்டும். இல்லையென்றால் ஆடுகிறவர் ஒரே ஒருதரம் பகடையைப் போட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பு. குறைந்தால் முடிந்தது.

பயிற்சியாளர் எழுந்தே நின்றுவிட்டார். உள்ளங்கைகள் விரிந்தன. சலிப்புச்சாமியே, புன்னகையின் தேவனே, உன் பிள்ளை உன் காலடியில் கிடக்கிறாள் என்று தொடங்கி, மூன்று பொன்மொழிகளைத் தாண்டி, உன் கருணையைப் பொழி என்று முடித்தார். சாமியின் பதிலை அறிய வாத்தியார் பகடையை எடுக்கப் போனார். நர்ஸ் அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"இரு தம்பி. சாமியா ஆடறது யாரு?"

"சாமியா யாரும் ஆடறதில்லை அண்ணி. நான் பகடை போட்டுப் பார்த்துச் சொல்லுவேன்."

"சலிப்புச்சாமி தாள் ஃபைல்ல இருக்கா?"

வாத்தியார் ஃபைலைப் பார்த்தார். செத்த பாத்திரங்களின் தாளில் 'இறந்தார்' என்று எழுதி, மேஜைக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். அண்ணன் தாளில் அதை எழுத அவருக்குக் கை வரவில்லை. கை வராமல்தான் அந்த மலையுச்சியும் ஒளியும் எல்லாம்.

"இருக்கு" என்றார்.

"தாள் இருந்தா பாத்திரம் இருக்கு. பாத்திரத்துக்கு ஆடற ஆள் ஒருத்தர் உண்டு. அவர் இன்னைக்கு வந்திருக்காரா?"

கீழே ரொட்டி வெட்டுகிற இயந்திரம் ஓடி நின்றது.

"வரலைல்ல. அப்ப வலப்பக்கத்து நாற்காலி ஆடணும். அது நான்."

பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். அந்த நாற்காலி காலியாக இல்லையே மேடம், நான் இருக்கேனே என்றார்.

"நாற்காலியில நீங்க இருக்கீங்க. தாள்ல நீங்க இல்லை."

"அண்ணி, அந்தச் சட்டம் இதுக்கு இல்லை" என்றார் வாத்தியார்.

"அப்படின்னா எழுது. 'இறந்தார்'னு எழுதி டப்பாவில போடு. நான் அதுக்கப்புறம் வாயைத் திறக்கலை."

வாத்தியார் பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"சட்டம்னா சட்டம்தான் வாத்தியாரே" என்றார் பேக்கரிக்காரர், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "அக்கா ஆடட்டும்."

நர்ஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை, மூச்சை இழுத்துவிடவில்லை. ஞாயிறு மதியத் தூக்கத்தில் போன் வந்து எழுப்பப்பட்ட ஒருவரின் முகம் தானாகவே அவளுக்கு வந்தது.

"யாருப்பா அது? எதுக்கு இத்தனை தரம் அமுக்கறே? ஒருதரம் அமுக்கினா போதும். பத்துத்தரம் அமுக்கினா சீக்கிரம் வந்துடுமா?"

பேக்கரிக்காரரின் தோள் குலுங்கியது.

பயிற்சியாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். சுண்டெலி சாகக் கிடக்கிறாள் சாமி என்றார்.

"சுண்டெலியா? அவ கடைசி. கோடாலிக்கு என்ன ஆச்சு, அதைப் பாரு முதல்ல."

கோடாலிக்கு ஒன்றுமில்லை, வெறும் கீறல் என்றார் பயிற்சியாளர்.

"அவன் கீறலுக்கே ஊரைக் கூட்டுவான். அவனைப் பாரு. அவ தாங்குவா."

"தாங்கலைன்னா?"

பயிற்சியாளர் தன் வகுப்பில் கேட்கிற கேள்வியாக அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நர்ஸ் ஒரு நொடி நின்றுவிட்டாள். பஸ்ஸில் அத்தனை வருடச் சண்டையிலும் அவள் இதைக் கேட்டதில்லை. கணவரின் பதில் எதுவும் அவளிடம் கைவசம் இல்லை. ஆனால் வாய் நிற்கவில்லை, அது பழகிய வாய்.

"தாங்கலைன்னா தாங்கலை. அதுக்கு நான் என்ன பண்றது? நான் என்ன கடவுளா?"

பேக்கரிக்காரர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சுட்ட கையை மட்டும் தனியே தூக்கிப் பிடித்திருந்தார். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்னு கேட்டிருக்கேன். இங்க பூசாரி ரெடி, சாமி மாட்டேங்குது" என்று திணறினார். வாத்தியாரும் சிரித்தார். அவர் சிரிப்பு அண்ணன் சிரிப்பு மாதிரியே மூக்கில் முடியும். அது மூக்கில் முடியாமல் வேறெங்கோ போயிற்று; கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார்.

நர்ஸ் சுண்டெலிக்காகப் பகடையை எடுத்துப் போட்டாள். குட்டைக்காலின் பக்கமாக அது உருண்டு போய், ஓரத்தில் நின்றது. ஆறு.

"ஐயோ மேடம்" என்றார் பயிற்சியாளர். தாங்கள் கும்பிட்ட சாமியே தங்களைக் கைவிட்டுவிட்டதே என்று மெய்யாகவே கலங்கினார்.

"அவர் அப்படித்தான்" என்றாள் நர்ஸ். திருப்தியாக இருந்தது.

சுண்டெலியின் தாளில் 'இறந்தாள்' என்று எழுதினாள். பதினொரு வருடத் தாள், அழித்து அழித்து நடுவில் மெலிந்திருந்தது. அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, ஃபைலிலிருந்து இன்னொரு தாளை உருவி, பேனாவோடு கொழுந்தன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எழுதிடுங்க அண்ணி."

"உன் அண்ணன். நீ எழுது."

வாத்தியார் எழுதினார். கரும்பலகையில் முழ நீளம் எழுதுகிறவர், அன்றைக்கு எறும்பு மாதிரி எழுதினார். தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, சுண்டெலியின் மேல் வைத்து, டப்பாவை மூடினார்.

இனி நான் யாரை வேண்டுவது என்று பயிற்சியாளர் மெல்லக் கேட்டார். புத்தகத்தில் நாற்பது சாமி இருக்கிறது, இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் சொன்னார். நர்ஸ் நாலு அட்டைகளையும் சேகரித்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குனிந்து, மேஜையின் குட்டைக்காலுக்கு அடியில் சொருகினாள். பதினொரு வருடமாக லிஃப்ட்காரர் மடித்துவைத்த காகிதமெல்லாம் நசுங்கிப்போகும்; இது நன்றாகத் தாங்கிற்று. லேமினேஷன் நல்ல தரம் என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். அவர் நன்றி என்றார்.

வாத்தியார் ஒரு புதுத் தாளை அவளிடம் நீட்டினார். என்னவாக வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. பேக்கரிக்காரர்தான், பூசாரி ஒருவருக்கு இருவராக இருந்தால் தேவலை என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் 'திருடி' என்று எழுதினாள். ஒரு கத்தி, இருபது முழம் கயிறு, பூட்டுத் திறக்கும் கம்பி. பையில் இன்னும் இடமிருந்தது.

"கட்டுத்துணி உண்டா உன் புத்தகத்தில?" என்று கேட்டாள்.

வாத்தியார் பக்கங்களைப் புரட்டினார். பதினொரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இருக்கு அண்ணி. ஆனா அதுல கட்டினா நாளைக்கு ஒரு புள்ளிதான் ஏறும்."

"ஏறட்டும்" என்றாள் நர்ஸ்.